ரீஜனல் ஜெட் வருவதற்கு முன்: இந்திய விமானிகள் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய விமானிகள் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் விமானம் ஓட்டிப் பிழைக்கும் மதுரைக்காரன் நான். பல வருடங்கள் 50 இருக்கை ஜெட்டில் ஃபர்ஸ்ட் ஆபீசராகவும் (துணை விமானி) கேப்டனாகவும் இருந்தேன். இப்போது பெரிய நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் ஓட்டுகிறேன். ரீஜனல் ஜெட்டை, அதாவது சின்ன ஊர்களுக்குப் பறக்கும் சின்ன ஜெட்டை, வைத்து இங்கே விமானிகளுக்குள் முப்பது வருடமாக நடந்துவரும் சண்டையில் இரண்டு அணியிலும் நின்றிருக்கிறேன். அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்காமல் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபரில் நம் எச்.ஏ.எல். நிறுவனமும் ரஷ்யாவின் யுனைடெட் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷனும் எஸ்.ஜே-100 ஜெட்டை இந்தியாவில் தயாரிக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. பிரேசிலின் எம்பிரேயர் அதே ஆண்டில் டெல்லியில் துணை நிறுவனம் தொடங்கியது. ஸ்டார் ஏர் ஏற்கெனவே எம்பிரேயர் 175 ஓட்டுகிறது. செய்திகளைப் படித்தால் எந்த விமானம் நல்லது, எத்தனை ஊருக்குப் போகும், எஞ்சின் எங்கிருந்து வரும் என்றுதான் பேச்சு. அந்த காக்பிட்டில் உட்காரப்போகிறவர் எந்த நிறுவனத்தின் சம்பளக் கணக்கில், எந்த சீனியாரிட்டி பட்டியலில் (விமானிகளின் பணிமூப்பு வரிசை) இருப்பார் என்று ஒருவரும் கேட்கக் காணோம். நீங்களும் கேட்டதாக என் கண்ணில் படவில்லை. அமெரிக்காவில் அந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டு முடிக்காமல் விட்டதால் இரண்டு தலைமுறை விமானிகள் அடிபட்டார்கள்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1993-இல் சின்சினாட்டி பக்கத்து காம்ஏர் நிறுவனம் கனடாவில் தயாரான 50 இருக்கை ஜெட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அதுவரை சின்ன ஊர்களுக்குப் போனவை பெரும்பாலும் 19 இருக்கை, 30 இருக்கை டர்போபிராப் (புரொப்பல்லர் சுழலும்) விமானங்கள். பயணிகளுக்கு அந்தச் சத்தமும் ஆட்டமும் பிடிக்காது. புரொப்பல்லரைப் பார்த்தாலே பழைய விமானம் என்ற நினைப்பு. ஜெட் வந்ததும் நிலைமை தலைகீழானது. வேகம், அமைதி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் தெம்பு. 1997-இல் எம்பிரேயர் 145-ம் அமெரிக்க வானத்துக்கு வந்தது. சில வருடங்களில் இந்தச் சின்ன ஜெட்டுகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு கட்டத்தில் அமெரிக்க உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி ரீஜனல் விமானங்களுடையவை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய சூட்சுமம். டிக்கெட்டில் டெல்டா என்று இருக்கும். வால் பகுதியில் டெல்டாவின் வண்ணம். கேட்டில் அறிவிப்பும் அதே பெயரில்தான். ஆனால் காக்பிட்டில் இருக்கும் இரண்டு பேருக்குச் சம்பளம் தருவது வேறொரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் பெரிய நிறுவனம் ஒரு புறப்பாட்டுக்கு இவ்வளவு, ஒரு பறப்பு மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கட்டணம் கொடுக்கும். எரிபொருள் விலை ஏறினாலும் இருக்கை காலியாகப் போனாலும் பெரும்பாலும் அது பெரிய நிறுவனத்தின் கவலை. அப்படியானால் சின்னக் கம்பெனிகள் ஒன்றோடொன்று எதில் போட்டி போடும்? எல்லோரிடமும் அதே கனடா விமானம், இல்லாவிட்டால் அதே பிரேசில் விமானம். டிக்கெட் விலையை நிர்ணயிக்கும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை. மிஞ்சுவது ஊழியர் சம்பளம் ஒன்றுதான். விமானியின் கூலியைத் தவிர வேறெதிலும் போட்டி போட முடியாத ஒரு தொழிலை உட்கார்ந்து வடிவமைத்தாலும் இதைவிடக் கச்சிதமாக வடிவமைக்க முடியாது.

பெரிய நிறுவனங்களின் விமானிகளுக்கு, இங்கே மெயின்லைன் என்பார்கள், இது தெரியாமல் இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் ஸ்கோப் என்று ஒரு பிரிவு உண்டு. நிறுவனத்தின் பெயரில் நடக்கும் பறப்பு எல்லாவற்றையும் எங்கள் சீனியாரிட்டி பட்டியலில் உள்ளவர்கள்தான் ஓட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு விதிவிலக்குகள் வரும்: இத்தனை இருக்கைக்குள், இவ்வளவு எடைக்குள், இத்தனை எண்ணிக்கைக்குள் இருந்தால் வெளிக் கம்பெனி ஓட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் அரசு பஸ் போகாத கிராமங்களுக்கு மட்டும் மினி பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுத்தார்களே, அந்த மாதிரி ஏற்பாடு. மினி பஸ் மெயின் ரோட்டில் எவ்வளவு தூரம் வரலாம் என்பதில் தகராறு வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்போதே ஏன் அந்த ஜெட்டுகளை மெயின்லைன் விமானிகளே எடுத்துக்கொள்ளவில்லை? இதை மூத்த கேப்டன்களிடம் கேட்டால் கொஞ்சம் நெளிவார்கள். 50 பேர் உட்காரும் விமானத்தை நான் ஓட்டுவதா என்ற கௌரவம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், ஒப்பந்தப் பேச்சில் ஸ்கோப் விதிவிலக்கு என்பது மலிவான நாணயமாக இருந்தது. விதிவிலக்கை இன்னும் கொஞ்சம் தளர்த்துகிறோம், பெரிய விமானக் கேப்டன் சம்பளத்தை உயர்த்துங்கள் என்று பேரம் பேசலாம். கையெழுத்துப் போடுகிறவர் சீனியர். அவர் வேலைக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இனிமேல் சேரப்போகும் பையனுக்கு. அவனுக்கு அந்த அறையில் ஓட்டு கிடையாது.

எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 1997 பிப்ரவரியில் வேலைநிறுத்தத்தில் இறங்கியதன் மையப் பிரச்சினையே இதுதான்: துணை நிறுவனமான அமெரிக்கன் ஈகிளுக்கு வரும் ஜெட்டுகளை யார் ஓட்டுவது? நள்ளிரவில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைச் சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் அவசர வாரியம் அமைத்து நிறுத்தினார். கடைசியில் ஜெட்டுகள் ஈகிளுக்கே போயின. பதிலுக்கு எண்ணிக்கை வரம்பும், ஈகிள் விமானிகள் படிப்படியாக மெயின்லைனுக்கு ஏறிவர ஒரு வழியும் கிடைத்தன. அந்த வழியில் மேலிருந்து கீழேயும் வரலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வேலையிழந்த மெயின்லைன் விமானிகள் கீழே இறங்கி ஈகிளின் கேப்டன் இருக்கைகளை எடுத்துக்கொண்டபோது, அங்கே பல வருடம் காத்திருந்து கேப்டனானவர்கள் வலதுபக்க, அதாவது துணை விமானியின், இருக்கைக்குத் திரும்பினார்கள். இரண்டு தரப்பிலும் அந்தக் கசப்பு வெகுகாலம் இருந்தது.

ரீஜனல் விமானிகளின் பார்வையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவதே வழக்கம். மெயின்லைன் விமானி சொன்னது, "இவர்கள் என் வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்கிறார்கள்." ரீஜனல் விமானி கேட்டது, "நான் ஓட்டும் விமானத்துக்கு எத்தனை இருக்கை இருக்க வேண்டும் என்று நீ ஏன் முடிவு செய்கிறாய்? என் கம்பெனி வளர்வதைத் தடுத்துவிட்டு, உன் கம்பெனியிலும் என்னைச் சேர்க்க மாட்டேன் என்கிறாய்." இரண்டும் நியாயம்தான்.

1999-இலும் 2000-இலுமாக ஏ.எஸ்.ஏ., காம்ஏர் என்ற இரண்டு ரீஜனல் நிறுவனங்களையும் டெல்டா விலைக்கு வாங்கியது. மூன்று நிறுவனத்து விமானிகளும் ஆல்பா என்ற ஒரே யூனியனின் உறுப்பினர்கள். ஒரே முதலாளி, ஒரே யூனியன். அப்படியென்றால் மூன்று பட்டியலையும் இணைத்து ஒரே சீனியாரிட்டி பட்டியலாக்குங்கள் என்று காம்ஏர், ஏ.எஸ்.ஏ. விமானிகள் கேட்டார்கள். யூனியன் ஏற்கவில்லை. டெல்டா விமானிகளுக்குப் பயம்: முப்பது வயதில் காம்ஏரில் கேப்டனாகிவிட்ட ஒருவன் இணைப்புக்குப் பிறகு தனக்கு மேலே வந்து உட்கார்ந்துவிட்டால்? இணைப்பில் வரிசையை எப்படி அமைப்பது என்பது சிக்கல்தான், ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. அமெரிக்காவில் நிறுவனங்கள் இணையும்போதெல்லாம் நடுவர் வைத்துத் தீர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு யாரும் அதற்கு உட்காரத் தயாராக இல்லை. ரீஜனல் விமானிகளில் ஒரு பிரிவினர் கூட்டமைப்பாகச் சேர்ந்து சொந்த யூனியன் மீதே ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் அளவுக்குப் போனது.

என்னைக் கேட்டால், முப்பது வருடக் கதையில் திருப்புமுனை அந்த மறுப்புதான். சின்ன ஜெட்டை உள்ளே கொண்டுவரும் வாய்ப்பு வாசல்வரை வந்தது. கதவைச் சாத்தியது நிர்வாகம் மட்டும் இல்லை, விமானிகளும்தான்.

அடுத்த வருடமே காம்ஏர் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 மார்ச் 26-இல் தொடங்கி 89 நாள். சுமார் 1,350 விமானிகள், ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. ரீஜனல் ஜெட் விமானிக்கும் கௌரவமான சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டும் என்பது கோரிக்கை. சம்பளத்தில் ஜெயித்தார்கள். அடுத்த பதினோரு வருடத்தில் டெல்டா தன் ரீஜனல் பறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றக் கம்பெனிகளுக்கு நகர்த்தியது, காம்ஏர் சுருங்கிக்கொண்டே வந்தது. 2012 செப்டம்பர் 29-இல் காம்ஏரை மூடினார்கள். இந்த ஜெட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த நிறுவனம் அதோடு முடிந்தது. மூடலுக்குப் பழைய 50 இருக்கை விமானங்களின் எரிபொருள் செலவு உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மற்ற ரீஜனல் விமானிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: அதிகம் கேட்டால் விமானம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

2001-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வரிசையாகத் திவால் பாதுகாப்பு கேட்டன. யு.எஸ். ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா, நார்த்வெஸ்ட், 2011-இல் அமெரிக்கன். திவால் நீதிமன்றத்தில் விமானிகளின் கழுத்தில் கத்தி. ஸ்கோப் எல்லை 50 இருக்கையிலிருந்து 70-க்கும், பிறகு 76-க்கும் ஏறியது அப்படித்தான். யு.எஸ். ஏர்வேஸில் வேலையிழந்த மெயின்லைன் விமானிகளுக்குப் புதிய ரீஜனல் ஜெட்டுகளில் பாதி இடம் என்று ஒரு திட்டம்கூடப் போட்டார்கள். முன்னாள் போயிங் கேப்டன்கள் பழைய சம்பளத்தில் ஒரு துண்டுக்கு ரீஜனல் ஜெட்டில் மறுபடி தொடங்கினார்கள். 2008-இல் யுனைடெட் தன் போயிங் 737 விமானங்கள் அத்தனையையும் கழற்றிவிட முடிவெடுத்தது. 1,400-க்கும் மேற்பட்ட விமானிகள் வீட்டுக்குப் போனார்கள். அதே வண்ணம் பூசிய 70 இருக்கை ஜெட்டுகளோ வெளிக் கம்பெனிகளின் விமானிகளோடு பறந்துகொண்டே இருந்தன.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கள் க்ரூ ரூம் டெர்மினலுக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. தோல் கிழிந்த சாய்வு நாற்காலிகளில் கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு யாராவது எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு நாள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து திரையில் வரைபடம் போட்டுக் காட்டினார். சம்பள உயர்வைச் சில வருடம் தள்ளிப்போட்டால் புதிய 76 இருக்கை ஜெட்டுகள் நமக்கு வரும், எல்லோரும் சீக்கிரம் கேப்டனாகலாம். மறுத்தால் விமானங்கள் வேறு கம்பெனிக்குப் போகும், அதற்கு மேல் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அந்த வேறு கம்பெனியில் என்னோடு விமானப் பள்ளியில் படித்த நண்பன் இருந்தான். அவனுக்கும் அதே மாதத்தில் அதே மாதிரி வரைபடம், எங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லி. இரண்டு இடத்திலும் ஓட்டெடுப்பு நடந்தது, இரண்டு இடத்திலும் விட்டுக்கொடுத்தோம். சரி, விமானமாவது வந்ததா என்றால், பாதி வந்தது.

ஒரு கம்பெனியைக் காட்டி இன்னொன்றை இப்படி மிரட்டுவதை இங்கே விப்ஸா என்பார்கள். ஊருக்கே தெரிந்த உதாரணமும் இருக்கிறது. பி.எஸ்.ஏ., என்வாய் (பழைய ஈகிள்தான்) இரண்டுமே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் சொந்த நிறுவனங்கள், இரண்டிலும் ஆல்பா யூனியன். 2013-இல் பி.எஸ்.ஏ. விமானிகள் சலுகைகளை விட்டுக்கொடுத்துப் புதிய ஜெட்டுகளைப் பெற்றார்கள். 2014 மார்ச்சில் என்வாய் விமானிகள் அதே மாதிரி ஒப்பந்தத்தை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். குழுமம் விமானங்களை வேறு இடத்துக்குத் திருப்பியது. ஒரு வருடம் ஆவதற்குள் என்வாய் விமானிகளும் வழிக்கு வந்தார்கள். ஒரே முதலாளியின் இரண்டு கையில் இரண்டு பட்டியல்.

சம்பளம் எந்த நிலைக்குப் போனது என்பது 2009-இல்தான் அமெரிக்கப் பொதுமக்களுக்கே தெரிந்தது. பிப்ரவரி 12 அன்று நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அது ஜெட் இல்லை, டர்போபிராப். ஆனால் ஏற்பாடு அதேதான்: விமானத்தில் கான்டினென்டல் பெயர், ஓட்டியது கோல்கன். விசாரணையில் துணை விமானி சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டிலிருந்து நாட்டின் குறுக்கே சரக்கு விமானத்தில் இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்தது தெரிந்தது. அவர் சம்பளம் செய்தித்தாள்களில் வந்தபோது பலரால் நம்ப முடியவில்லை. எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ரீஜனல் நிறுவனங்களில் முதல் வருடத் துணை விமானிக்கு வருடத்துக்கு 20,000 டாலர்கூட வராத இடங்கள் நிறைய. அதிலும் கேட்டிலிருந்து விமானம் நகர்ந்த பிறகு ஓடும் கடிகாரத்துக்கு மட்டும்தான் கூலி. விமான நிலையத்தில் நாலு மணி நேரம் பனிப்புயலுக்குக் காத்திருந்தால் அது உங்கள் சொந்த நேரம்.

அந்த விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடி 2010-இல் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்பது 2013-இல் அமலுக்கு வந்தது. டிக்கெட் விற்கும் இணையப் பக்கத்தில் உண்மையில் ஓட்டும் நிறுவனத்தின் பெயரை முன்னாலேயே காட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்ததுதான். அப்புறம் என்ன நடந்தது? 20,000 டாலர் வேலைக்காகக் கடன் வாங்கி 1,500 மணி நேரம் சேர்க்க எத்தனை பேர் வருவார்கள்? ஆள் பற்றாக்குறை. 2016-இல் ரிபப்ளிக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டபோது விமானிகள் கிடைக்காததையே காரணமாகச் சொன்னது. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் 29 சின்ன ஊர்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கனின் சொந்த ரீஜனல் நிறுவனங்கள் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. இருபது வருடம் பணம் இல்லை என்று சொன்னவர்களிடம் ஒரே வாரத்தில் பணம் வந்தது. அந்த வருடம் உயர்ந்த சம்பளத்தை யூனியனின் சாதனை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆள் இல்லாததால் உயர்ந்தது.

சரி, ஸ்கோப் எல்லை பயனே இல்லாததா? அப்படியும் இல்லை. இன்று அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் என்ற மூன்று பெரிய நிறுவனங்களிலும் எல்லை 76 இருக்கை, 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39 டன். இந்த எண்கள் எவ்வளவு பலமானவை என்றால், உலகின் விமானத் தொழிற்சாலைகளே இவற்றுக்கு வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. எம்பிரேயரின் புதிய 175-ஈ2 எரிபொருளை மிச்சப்படுத்தும் நல்ல விமானம். ஆனால் புதிய எஞ்சின் கனம், எல்லையைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் வாங்க ஆள் இல்லாமல் திட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஜப்பானின் மிட்சுபிஷி தன் ஜெட்டை வடிவமைத்தபோது எல்லை தளரும் என்று நம்பியது. தளரவில்லை. 2023 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். சான்றிதழ் வாங்குவதில் வந்த தாமதங்களும் காரணம்தான், ஆனாலும் அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தத்தில் இருந்த ஓர் எடை வரம்பு நாகோயாவில் ஒரு தொழிற்சாலையைப் பாதித்தது உண்மை.

இதில் வேடிக்கையும் உண்டு. யுனைடெட்டுக்கு 70, 76 இருக்கை ஜெட்டுகள் மொத்தம் 255-க்கு மேல் கூடாது. அது நிரம்பிவிட்டது. என்ன செய்தார்கள்? 70 பேர் போகக்கூடிய சி.ஆர்.ஜே-700 விமானத்தை எடுத்து, இருபது இருக்கைகளைக் கழற்றி, 50 இருக்கை விமானமாகச் சான்றிதழ் வாங்கி, சி.ஆர்.ஜே-550 என்று பெயர் வைத்தார்கள். 2019-இல் பறக்கத் தொடங்கியது. இருக்கை போன இடத்தில் பெட்டி வைக்க நான்கு அலமாரிகள், முதல் வகுப்புக்காரர்கள் தாங்களே எடுத்துத் தின்ன நொறுக்குத் தீனி மேடை. பயணிகளுக்குக் கொண்டாட்டம். ஏன் இவ்வளவு தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, விமானி சங்கத்தின் எண்ணிக்கை வரம்புக்குள் நுழைவதற்காக என்று எனக்குத் தெரியும்.

எண்ணை வைத்துக் கட்டும் வேலியின் பலமும் பலவீனமும் அதில் தெரிகிறது. எண் இருக்கும்வரை நிற்கும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அந்த எண் மறுபடி பேரத்துக்கு வரும். புத்திசாலித்தனமாகப் பேரம் பேசினால் லாபமும் உண்டு: 2012-இல் டெல்டா விமானிகள் 76 இருக்கை ஜெட்டுகள் கூடுதலாக வர ஒப்புக்கொண்டு, பதிலுக்கு 88 போயிங் 717 விமானங்களை மெயின்லைனுக்குக் கொண்டுவர வைத்தார்கள். 50 இருக்கை விமானங்களின் எண்ணிக்கையையும் 125-க்கு இறக்கச் செய்தார்கள். நல்ல வியாபாரம். ஆனால் அதுவும் வியாபாரம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் சம்பளத்தை அது ஒரு டாலர்கூட உயர்த்தவில்லை. அவன் மலிவாக இருக்கும்வரை வேலியின்மேல் அழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் உங்களிடம் நான் சொல்ல வந்தது: இருக்கை எண்ணிக்கையை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் பெயரில் பறக்கும் விமானம், அது ஏடிஆர் டர்போபிராப் ஆனாலும் எம்பிரேயர் ஆனாலும் எஸ்.ஜே-100 ஆனாலும், அந்த நிறுவனத்தின் ஒரே சீனியாரிட்டி பட்டியலில் உள்ளவர்களாலேயே ஓட்டப்பட வேண்டும் என்று கேளுங்கள். சின்ன விமானத்துக்குச் சின்னச் சம்பளம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இங்கேயும் மெயின்லைனில் விமான வகைக்கு ஏற்ற சம்பள விகிதம்தான். ஆனால் அவன் நாளைக்குப் பெரிய விமானத்துக்கு ஏறும்போது வரிசையில் தன் இடத்தோடு ஏற வேண்டும். நான் மெயின்லைனுக்கு வந்தபோது அத்தனை வருடக் கேப்டன் அனுபவமும் கணக்கில் வரவில்லை. பட்டியலின் கடைசி ஆளாக, வலதுபக்க இருக்கையில், ரிசர்வில் (கூப்பிட்டால் ஓட வேண்டிய காத்திருப்புப் பணி), மறுபடி முதலிலிருந்து.

இப்படிச் செய்தால் சின்ன ஊர்ச் சேவை கட்டுப்படியாகாது என்பார்கள். இண்டிகோ 2017 கடைசியிலிருந்து ஏடிஆர் விமானங்களைத் தன் சொந்தப் பெயரில், ஏர்பஸ் ஓட்டும் அதே நிறுவனத்துக்குள் வைத்தே ஓட்டுகிறது. தூத்துக்குடிக்கு அதில்தானே போய்வந்தோம். ஜெட்ப்ளூவும் யு.எஸ். ஏர்வேஸும் 100 இருக்கை எம்பிரேயரை மெயின்லைன் விமானிகளை வைத்தே ஓட்டின. முடியாத காரியம் இல்லை.

மாறாக, அலையன்ஸ் ஏரை நினைத்துப் பாருங்கள். ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக, தனி விமானிகளோடு, ஒரு காலத்தில் சி.ஆர்.ஜே-700 ஜெட்டுகளையும் பிறகு ஏடிஆர்களையும் ஓட்டியது. 2017 ஏப்ரலில் சின்ன ஊர்களுக்கு விமான சேவை தரும் அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானமே அவர்களுடையதுதான். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவுக்குப் போனபோது அலையன்ஸ் ஏர் அரசிடமே தங்கிவிட்டது. தனிக் கம்பெனியில் வைத்திருந்தால் பிரிப்பது அவ்வளவு எளிது. எங்கள் மதுரைப் பக்கத்து பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-இல் எம்பிரேயர் ஜெட்டுகளோடு வந்தது வேறு கதை. அது தன் சொந்தப் பெயரில் பறந்தது, தன் சொந்தக் கணக்கில் 2010-இல் நின்றது. அப்படி வருகிறவர்களோடு உங்களுக்குச் சண்டை வேண்டாம்.

இன்னொன்று. பறப்பை வெளியே கொடுக்கும் பழக்கம் நம் நாட்டில் சின்ன விமானத்தில் தொடங்கவில்லை, பெரிய விமானத்திலேயே தொடங்கிவிட்டது. துருக்கி நிறுவனத்திடமிருந்து போயிங் 777 விமானங்களும், நார்வே நிறுவனத்திடமிருந்து 787 விமானங்களும் வெளிநாட்டு விமானிகளோடு சேர்த்தே குத்தகைக்கு வந்து இந்திய நிறுவனத்தின் பெயரில் பறந்தன. விமானத் தட்டுப்பாட்டுக்குத் தற்காலிக ஏற்பாடு என்றார்கள், இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு வரம்பும் கால எல்லையும் உங்களோடு போட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதிக் கடிதத்தில் மட்டும் இருந்தால் போதாது.

நம் நாட்டு விமானியின் கை அமெரிக்க விமானியின் கையைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். 2017-இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம் என்று நோட்டீஸ் காலம் விதித்தது. டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தனித் தகுதி) குடும்பம் கொடுத்த பணம் வேறு. சின்ன ஜெட் கம்பெனியில் சேரும் 23 வயதுப் பையனுக்கு வெளியேறும் சக்தி இருக்காது. அவனுக்காகப் பேச யாராவது இருந்தால் அது நீங்கள்தான். அதற்கு முதலில் அவன் உங்கள் சங்கத்தில் இருக்க வேண்டும். ஏடிஆர் விமானிகளையும் ரீஜனல் நிறுவன விமானிகளையும் அரை உறுப்பினராக நடத்தும் மனப்பான்மை எங்காவது இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அவர்களில் ஒருவரையாவது பேச்சுவார்த்தைக் குழுவில் உட்கார வையுங்கள்.

எஸ்.ஜே-100 உண்மையில் எப்போது வரும், வருமா என்பதெல்லாம் வேறு விஷயம். விமானம் வந்து, கம்பெனி பதிவாகி, பையன்கள் சேர்ந்து, தனிப் பட்டியல் ஒன்று முளைத்த பிறகு இணைப்பைப் பற்றிப் பேசினால், உங்கள் உறுப்பினர்களே எதிர்த்து ஓட்டுப் போடுவார்கள். பட்டியலில் ஒருவர்கூட இல்லாத இப்போது பேசுவதுதான் சுலபம்.

அமெரிக்க ஒப்பந்தங்களின் ஸ்கோப் பிரிவுகள் இணையத்தில் தேடினால் கிடைக்கும். உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்து ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். டெல்டா ஒப்பந்தத்தில் அது முதல் பிரிவு. சம்பளம் மூன்றாவது பிரிவில்தான் வருகிறது.

அன்புடன்,
அமெரிக்காவிலிருந்து ஒரு மதுரை விமானி